அரசியல் அறிவியலும் சமூகவியலும் சேர்த்துப் படிக்க முடியுமா? எங்கே, எப்படி?

வைகைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். தங்கை வரும் மார்ச்சில் பிளஸ் டூ எழுதுகிறாள். மாநிலப் பாடத்திட்டம், தமிழ் வழி. குரூப்: வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல். கல்லூரியில் அரசியல் அறிவியலையும் சமூகவியலையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறாள். விசாரித்த கல்லூரிகளில் எல்லாம் "ஏதாவது ஒன்றுதான், இரண்டும் சேர்ந்த பட்டம் கிடையாது" என்கிறார்கள்.

கேட்க நினைப்பவை: இரண்டையும் சேர்த்துப் படிக்க உண்மையில் என்னென்ன வழி இருக்கிறது? அப்படிப் படித்தால் எம்.ஏ., நெட் (கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு), யுபிஎஸ்சி என்று போகும்போது இடிக்குமா? அதைவிட முக்கியமாக, இந்த இரண்டு பாடமும் ஒன்றுக்கொன்று உதவுமா, இல்லை ஒரே விஷயத்தை இரண்டு முறை படிக்கிற மாதிரி ஆகிவிடுமா? பாடம் தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

முதல்தாள்:

தமிழ்நாட்டுப் பட்டப்படிப்பின் அமைப்பு தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இங்கே மூன்றாண்டுப் பட்டத்தில் பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்றில் மேஜரும் (முதன்மைப் பாடம்) அலைடும் (துணைப் பாடம்), நான்கிலும் ஐந்திலும் சிறு தாள்கள். பட்டத்தின் பெயர் மேஜரை வைத்துத்தான் வரும். அதனால் "இரண்டும் சேர்ந்த பட்டம் இருக்கிறதா" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: "அரசியல் அறிவியல் மேஜருக்கு அலைடு என்ன? சமூகவியல் மேஜருக்கு அலைடு என்ன?"

இந்தப் பதில் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஒரு கல்லூரியில் அரசியல் அறிவியலுக்கு அலைடாகப் பொருளியல் வைத்திருப்பார்கள், இன்னொன்றில் பொது நிர்வாகம், வேறொன்றில் சமூகவியல். அட்மிஷன் கவுண்டரில் கேட்காதீர்கள், அங்கே பெரும்பாலும் தெரியாது. துறைத் தலைவரிடம் கேளுங்கள், அல்லது கல்லூரி இணையதளத்தில் பாடத்திட்டத்தை இறக்கி முதல் நான்கு செமஸ்டரின் தாள் பெயர்களைப் பாருங்கள். அலைடு பெரும்பாலும் அந்த இரண்டு ஆண்டுகளில்தான் வரும். ஐந்து, ஆறாம் செமஸ்டரில் விருப்பத்தாள் இருக்கும். அதில் 'அரசியல் சமூகவியல்' என்று ஒரு தாள் இருந்தால் அந்தக் கல்லூரிக்கு முன்னுரிமை கொடுக்கலாம். பட்டியலில் அச்சிட்டிருந்தாலும் நடத்த ஆசிரியர் இருக்கிறாரா, போன ஆண்டு அந்தத் தாளை எத்தனை பேர் எழுதினார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள். அச்சில் மட்டும் இருக்கிற விருப்பத்தாள்கள் நிறைய.

அலைடில் எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். நான்கைந்து தாளில் அறிமுகம், இந்தியச் சமூகம், சமூகப் பிரச்சினைகள் என்று வந்துவிடும். கோட்பாட்டுத் தாளும் ஆய்வு முறைத் தாளும் வராது. சமூகவியலின் முதுகெலும்பே அந்த இரண்டுதான்.

தமிழ்நாட்டுக்கு வெளியே போகத் தயார் என்றால், டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பி.ஏ. புரோகிராம் இதற்கென்றே அமைந்தது. அதில் இரண்டு பாடங்களைச் சம எடையில் எடுக்கலாம். எந்தக் கல்லூரியில் எந்த ஜோடி என்பது அந்தந்த ஆண்டு இடப் பட்டியலில் இருக்கும். எல்லாக் கல்லூரியிலும் எல்லா ஜோடியும் கிடைக்காது. சேர்க்கை க்யூட் என்ற தேசிய அளவிலான பொது நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணில். உங்கள் தங்கை பிளஸ் டூவில் அரசியல் அறிவியல் படிக்கவில்லை என்பது தடையில்லை. அவள் படித்த வரலாறு, பொருளியல், கணக்குப்பதிவியல், வணிகவியலுக்கு இணையான பிசினஸ் ஸ்டடீஸ் எல்லாமே க்யூட்டில் இருக்கின்றன. பிளஸ் டூவில் படித்த பாடத்தைத்தான் க்யூட்டில் எழுத வேண்டும் என்பது டெல்லியின் நிபந்தனை. புதிதாகச் சமூகவியலை எடுத்து எழுதினால் மதிப்பெண் வந்தாலும் சேர்க்கையில் சிக்கும். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள்.

தேர்வைத் தமிழில் எழுதலாம். ஆனால் கேள்விகள் என்சிஇஆர்டி பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை ஒட்டி வரும். நம் மாநிலப் புத்தகத்தோடு அது முழுவதும் பொருந்தாது. 2025 முறைப்படி ஒரு பாடத்துக்கு 60 நிமிடத்தில் 50 கேள்விகள், எல்லாமே கட்டாயம். சரிக்கு ஐந்து, தவறுக்கு ஒன்று கழியும். விண்ணப்பத்தின் கடைசி நாள் பொதுத்தேர்வுக்கு முன்போ தேர்வு நடக்கும்போதோ வந்துவிடும். ரிசல்ட் வந்த பிறகு பார்க்கலாம் என்று இருந்தால் வண்டி போய்விடும். நம் அரசு கலைக் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பம் மே மாதம். இரண்டுக்கும் தனித்தனியாக நாள் குறித்து வையுங்கள். டெல்லியில் வகுப்பு ஆங்கிலத்தில் (சில இடங்களில் இந்தியிலும்) நடக்கும். தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு முதல் செமஸ்டர் கனமாகத்தான் இருக்கும்.

மூன்றாவது வழி இக்னோ, அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். தொலைநிலை பி.ஏ.வில் இரண்டு பாடங்களைத் தேர்ந்தெடுக்கிற அமைப்பு உண்டு. நான்காவது வழி, 2022இல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதித்தபடி ஒரே நேரத்தில் இரண்டு பட்டம்: ஒன்றை ரெகுலராகக் கல்லூரியில், மற்றதைத் தொலைநிலையில். சட்டப்படி முடியும் என்றாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். இக்னோவில் அசைன்மென்டுக்கு மதிப்பெண் உண்டு, எழுதிக் கொடுக்காமல் தாள் முடியாது. டிசம்பர் தேர்வும் கல்லூரியின் நவம்பர் செமஸ்டர் தேர்வும் முதுகோடு முதுகு உரசும். இரண்டிலும் அரியர் வைத்துக்கொண்டு நிற்பதைவிட ஒரு மேஜரை ஒழுங்காகப் படித்து, மற்றதைச் சொந்தமாகப் படிப்பது மேல்.

மடைவாய்:

முதல்தாள் வழிகளைச் சொல்லிவிட்டார். இரண்டும் ஒன்றுக்கொன்று உதவுமா என்ற கேள்விக்கு என் பதில். உதவும், ஆனால் தானாக உதவாது. இரண்டு நோட்டுப் போட்டு இரண்டையும் தனித்தனியாகப் படித்தால் நீங்கள் பயப்படுகிற மாதிரி ஒரே விஷயம் இரண்டு முறை வரும். ஒரு நிகழ்வை நடுவில் வைத்து இரண்டு பக்கமிருந்தும் போனால்தான் சேர்த்துப் படிப்பதன் பலன் தெரியும்.

மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1996இல் அவற்றின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. அதன் பிறகு பத்தாண்டுகள் தேர்தல் அறிவிப்பு வரும். வேட்புமனு யாரும் போட மாட்டார்கள், அல்லது ஒருவர் ஜெயித்து உடனே ராஜினாமா செய்வார். 2006 அக்டோபர் தேர்தலில்தான் தலைவர்கள் ஜெயித்துப் பதவியில் நிலைத்தார்கள்.

அரசியல் அறிவியல் மாணவர் இதை எழுதினால் ஊராட்சிகளுக்கான அரசமைப்பின் 73வது திருத்தம், இட ஒதுக்கீட்டைச் சொல்லும் பிரிவு 243டி, மாநிலத் தேர்தல் ஆணையம், சுழற்சி முறை ஒதுக்கீடு என்று போவார். எல்லாம் சரிதான். ஆனால் சட்டம் இருந்தும் ஏன் பத்தாண்டுகள் நடக்கவில்லை என்ற இடத்தில் "அரசியல் உறுதி இல்லை" என்று ஒரு வரி எழுதி நகர்ந்துவிடுவார். சமூகவியல் மாணவர் அதற்கு நேர்மாறு. நிலம் யாரிடம், கூலி வேலை யாரிடம், மனுப் போட்டவருக்கு மறுநாள் வேலை யார் கொடுப்பார், ஊர்க்கூட்டம் எங்கே கூடுகிறது, அதில் யார் உட்காருகிறார், யார் நிற்கிறார் என்று நுணுக்கமாக எழுதுவார். 2006இல் மட்டும் எப்படி மாறியது என்று கேட்டால் திணறுவார். மாறியதற்கான காரணத்தில் ஆட்சியின் அழுத்தம், மாவட்ட நிர்வாகம், ஊரோடு நடந்த பேச்சுவார்த்தை எல்லாம் வரும், அவை இவர் பாடத்தில் இல்லை. ஒருவர் 1996ஐ விளக்குவதில் தடுக்கி நிற்கிறார், மற்றவர் 2006ஐ. இரண்டும் படித்தவர்தான் இரண்டு ஆண்டுகளையும் ஒரே பதிலில் இணைக்க முடியும். உங்கள் தங்கைக்கு இந்த ஒரு எடுத்துக்காட்டைக் கொடுத்து, பக்கத்துக்கு ஒரு பக்கமாக இரண்டு பதில் எழுதச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் கை தானாக ஓடுகிறதோ, அதுதான் மேஜர்.

இனி, சேர்த்துப் படிப்பவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம்: சொற்கள். ஒரே சொல் இரண்டு பாடத்திலும் வரும், பொருள் வேறு. 'நிறுவனம்' என்றால் அரசியல் தாளில் நாடாளுமன்றம், நீதிமன்றம், தேர்தல் ஆணையம். சமூகவியல் தாளில் குடும்பம், திருமணம், மதம். 'அரசு' வேறு, 'அரசாங்கம்' வேறு. அரசாங்கம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாறும், அரசு இருந்துகொண்டே இருக்கும். தமிழில் எழுதும்போது இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டால் மதிப்பெண் அங்கேயே குறையும்.

'அதிகாரம்' இன்னும் மோசம். எதிர்ப்பை மீறியும் தன் விருப்பத்தை நடத்திக்கொள்ளும் வலிமை ஒன்று. கட்டளையை மற்றவர் ஏற்கத்தக்கதாகக் கருதிக் கீழ்ப்படிவது இன்னொன்று. சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் ஜெர்மனில் இரண்டுக்கும் இரண்டு சொல் வைத்திருந்தார். மரபுவழி, தனிக்கவர்ச்சிவழி, சட்டவழி என்று அவர் மூன்றாகப் பிரித்தது இரண்டாவதைத்தான். தமிழில் நாம் இரண்டுக்கும் 'அதிகாரம்' என்றே எழுதிவிடுகிறோம். முதல் பத்தியிலேயே எந்தப் பொருளில் எழுதுகிறோம் என்று ஒரு வரி சொல்லிவிட்டால் போதும்.

'ஆதிக்க சாதி'யும் அப்படியே. நம் பேச்சில் அது ஒடுக்குகிற சாதி என்ற பொருளில் வரும். சமூகவியலாளர் எம். என். சீனிவாஸ் 1950களில் மைசூர்ப் பகுதி ஊரை வைத்து அந்தக் கருத்தை உருவாக்கியபோது எண்ணிக்கை, நிலம், அரசியல் செல்வாக்கு ஆகியவை ஒரே சாதியிடம் சேர்ந்திருப்பதைக் குறித்தார். சடங்கு அடுக்கில் உச்சியில் இருக்க வேண்டும் என்பதில்லை. 'ஓட்டு வங்கி' என்று இன்று டிவியில் எல்லோரும் சொல்கிறார்களே, அதுவும் அவர் எழுத்திலிருந்து வந்த சொல்தான். பிறப்பால் சமூகவியல், புழக்கத்தால் அரசியல்.

படிக்கிற வரிசை பற்றி. கல்லூரி திறப்பதற்கு முன் கிடைக்கும் இரண்டு மாதத்தில் என்சிஇஆர்டியின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகங்களைப் படித்துவிடலாம். இந்தப் பாடத்தில் நான்கு, அந்தப் பாடத்தில் நான்கு, எல்லாம் இணையத்தில் இலவசம். ஆங்கிலம் எளிமையானது, தமிழ் வழியிலிருந்து வருபவருக்கு அதுவே மொழிப் பயிற்சியும் ஆகும். ஒரு பாடத்தின் நான்கையும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. இதில் ஒன்று, அதில் ஒன்று என்று மாற்றி மாற்றிப் படிக்க வேண்டும். அடுத்த கட்டத்துக்கு இக்னோவின் பாடங்கள் அதன் இணையத் தொகுப்பான இகியான்கோஷில் இருக்கின்றன. இணையத்தில் உள்ள இபிஜி பாடசாலாவில் இரண்டு பாடத்துக்கும் முதுகலை அளவிலான குறிப்புகள் உண்டு.

இரண்டாம் ஆண்டில் ஒரு முழுப் புத்தகம் படிக்க வேண்டும் என்றால் சமூகவியலாளர் ஆந்திரே பெத்தேயின் 1965ஆம் ஆண்டுத் தஞ்சாவூர் ஆய்வைச் சொல்வேன். ஸ்ரீபுரம் என்று புனைபெயரிட்ட ஒரே ஊரில் சாதி, வர்க்கம், அதிகாரம் மூன்றையும் தனித்தனியாக அளந்து பார்க்கிறார். முன்பு மூன்றும் அக்ரகாரத்தில் குவிந்திருந்தன. பின்னால் பஞ்சாயத்தும் கட்சியும் வந்து ஊர் அதிகாரம் பிராமணரல்லாதார் கைக்கு நகர்ந்தது, ஆனால் நிலம் அதே வேகத்தில் நகரவில்லை. சாதியும் வர்க்கமும் அதிகாரமும் ஒன்றாகவே நகரும் என்று எண்ணிக்கொண்டு வருகிற மாணவரின் எண்ணத்தை அந்த ஒரு ஊர் உடைத்துவிடும். நமக்குத் தெரிந்த மண் என்பதால் பிடிபடவும் எளிது.

வைகைக்கரை:

மிக்க நன்றி. பாப்பாபட்டியை வைத்து இரண்டு பதில் எழுதச் சொல்லிவிட்டேன், இப்போதே உட்கார்ந்துவிட்டாள். இன்னொரு சந்தேகம். கடைசி ஆண்டில் புராஜெக்ட் இருக்கும் என்கிறார்கள். தேர்தலையும் சாதியையும் வைத்துச் செய்ய வேண்டும் என்பது அவள் ஆசை. ஒரு இளங்கலை மாணவியால் அது முடியுமா? எங்கே தப்பு வரும்?

படிவம் இருபது:

முடியும். தரவு நிறைய இலவசமாகக் கிடைக்கிறது, அதைத் தப்பாகப் பயன்படுத்தவும் அதே அளவு வாய்ப்பு இருக்கிறது.

வாக்குச்சாவடி வாரியான முடிவு படிவம் 20 என்ற தாளில் வரும். தலைமைத் தேர்தல் அதிகாரி இணையதளத்தில் தொகுதிவாரியாகக் கிடைக்கும். பல கோப்புகள் ஸ்கேன் செய்த படங்கள், எக்செலில் கையால்தான் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு வரியிலும் வேட்பாளர் வாக்குகளைக் கூட்டி, தாளில் உள்ள மொத்தத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். தட்டச்சுப் பிழையில் பெரும்பகுதி அங்கேயே பிடிபடும். தபால் வாக்கு கடைசியில் தனி வரியாக வரும், அதை ஏதோ ஒரு சாவடி என்று எண்ணிச் சேர்த்துவிடக் கூடாது. வேட்பாளரின் சொத்து, வழக்கு விவரம் படிவம் 26இல்.

பெயரை வைத்துத் தொகுதிகளை ஒப்பிடுவதில் ஒரு பள்ளம் உண்டு. தொகுதி எல்லைகளின் மறுவரையறைக்குப் பிறகு தமிழ்நாட்டில் முதல் சட்டமன்றத் தேர்தல் நடந்தது 2011இல். பெயர் அதேதான், எல்லை வேறு. 2006ஐயும் 2011ஐயும் ஒரே தொகுதி என்று பக்கத்தில் வைத்து "வாக்கு இவ்வளவு சரிந்தது" என்று எழுதினால் கணக்கே தப்பு. தங்கை நோட்டில் பழைய முடிவுகளை எழுதி வைத்திருந்தால் 2011க்கு முன்னால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள்.

இனி பெரிய தப்பு. ஒரு சாவடியில் 800 வாக்கு விழுந்தது. அதில் 400 பேர் 'அ' சாதி, 400 பேர் மற்றவர்கள். ஒரு வேட்பாளருக்கு 400 வாக்கு. உடனே "அ சாதியினர் மொத்தமாகப் போட்டுவிட்டார்கள்" என்று எழுதத் தோன்றும். ஆனால் அ-வில் 200 பேரும் மற்றவர்களில் 200 பேரும் போட்டிருந்தாலும் அதே 400தான் வரும். 100ம் 300ம் என்றாலும் 400தான். தாளில் இருப்பது கூட்டுத்தொகை மட்டுமே. பகுதியின் கணக்கை வைத்து ஆளைப் பற்றி முடிவு கட்டும் இந்தப் பிழையை 1950இல் டபிள்யூ. எஸ். ராபின்சன் எண்களோடு காட்டினார். பாடத்தில் எகாலஜிக்கல் ஃபாலசி என்று வரும். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) முதல் கேள்வியே இதுவாக இருக்கலாம்.

அதோடு அந்த 400 என்ற எண்ணே எங்கிருந்து வரும்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஊர் அளவில் பட்டியல் சாதி, பழங்குடி எண்ணிக்கையை மட்டும்தான் தரும், மற்ற சாதிகளின் எண்ணிக்கை அதில் இல்லை. கணக்கெடுப்பின் ஊர் எல்லையும் சாவடி எல்லையும் பொருந்தவும் பொருந்தாது. "இந்த ஊரில் இன்ன சாதி இத்தனை சதவீதம்" என்று கட்சிக்காரர்கள் சொல்கிற எண்ணை அப்படியே புராஜெக்டில் போட்டு மாட்டிக்கொள்கிறார்கள்.

அப்படியானால் ஆளிடமே கேட்க வேண்டும். அங்கேதான் சமூகவியல் கைகொடுக்கும். சர்வே என்றால் எண்ணிக்கையைப் பாருங்கள். சரியான சீரற்ற மாதிரியாக இருந்தால்கூட 50 பேரிடம் எடுத்த சதவீதத்தில் 14 வரை கூடவோ குறையவோ இருக்கலாம். 400 பேர் என்றால் 5. ஐம்பது பேரைக் கேட்டுவிட்டு "52 சதவீதம், 48 சதவீதம்" என்று எழுதுவதில் அர்த்தமே இல்லை. தெரிந்தவர் வீடாகப் பார்த்து நிரப்பிய படிவத்துக்கு இந்தக் கணக்கும் பொருந்தாது.

யாருக்குப் போட்டீர்கள் என்று வாய்விட்டுக் கேட்கவே கூடாது. சிஎஸ்டிஎஸ் என்ற ஆய்வு நிறுவனத்தின் லோக்நிதி குழு தேர்தலுக்குப் பிந்தைய ஆய்வில் மாதிரி வாக்குச்சீட்டையும் ஒரு பெட்டியையும் கொடுக்கிறது. பதில் சொல்பவரே குறித்து, மடித்துப் போடுவார். அதையும் வாக்குப்பதிவு முடிந்து எண்ணிக்கைக்கு முன் செய்துவிடப் பார்ப்பார்கள். முடிவு வந்த பிறகு கேட்டால் ஜெயித்தவருக்குப் போட்டதாகச் சொல்பவர் எண்ணிக்கை கூடிவிடும்.

இளங்கலைக்கு என் யோசனை: சதவீதத்தை விட்டுவிடுங்கள். ஒரே ஊராட்சி, இரண்டு சாவடி, மூன்று தேர்தல் படிவம் 20, பன்னிரண்டிலிருந்து பதினைந்து பேரிடம் நீண்ட பேச்சு. கேள்வியை "யார் யாருக்குப் போட்டார்கள்" என்று வைக்காமல் "யாருக்குப் போடுவது என்பது இந்த ஊரில் எங்கே, யார் வாயிலாகப் பேசி முடிவாகிறது" என்று வையுங்கள். ஒரு மணி நேரப் பதிவைத் தாளில் எழுத நான்கிலிருந்து ஆறு மணி நேரம் ஆகும். பதினைந்து பேர் என்றால் கிட்டத்தட்ட எண்பது மணி நேரம். ஆறாம் செமஸ்டர் தொடங்கி ஆறு வாரத்துக்குள் பேச்சை முடித்தால்தான் எழுத நேரம் இருக்கும்.

களத்தில் ஒரு விஷயம். முதல் நாள் யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தீர்கள் என்பதை ஊரே பார்க்கும். ஊராட்சித் தலைவர் கூட்டிக்கொண்டு போய் அறிமுகம் செய்தால் அவருக்கு வேண்டாத தெரு அன்றோடு மூடிக்கொள்ளும். அங்கன்வாடி, பள்ளி, நூறு நாள் வேலை நடக்கும் இடம் என்று எல்லாத் தெருக்காரர்களும் கூடுகிற இடத்திலிருந்து தொடங்குவது நல்லது. சாதியை முதல் கேள்வியாகக் கேட்கக் கூடாது, கடைசியில் வைக்க வேண்டும். பாதிப் பேச்சில் அதுவாகவே வந்துவிடும். பதிவு செய்ய அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்றால் போனை அவர் கண் முன்னால் பைக்குள் வைத்துவிட்டுப் பேசுங்கள். எழுதும்போது ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் மாற்றுங்கள். பெயரை மாற்றிவிட்டு "முன்னாள் தலைவரின் இரண்டாவது மகன்" என்று எழுதினால் மாற்றியும் பயனில்லை.

நான்காம் பெஞ்ச்:

எம்.ஏ., நெட், யுபிஎஸ்சி பற்றி யாரும் சொல்லவில்லையே, சுருக்கமாகச் சொல்கிறேன்.

வேலைக்கு அடையாளம் தருவது இளங்கலை அல்ல, முதுகலைதான். எம்.ஏ. சமூகவியலுக்கு எந்தப் பட்டம் இருந்தாலும் போதும் என்று பல பல்கலைக்கழகங்கள் எடுக்கின்றன, எம்.ஏ. அரசியல் அறிவியலிலும் பல இடங்களில் அப்படித்தான். அதனால் இளங்கலையில் ஒன்று, முதுகலையில் மற்றது என்று போவதே தமிழ்நாட்டில் மிகச் சுலபமான 'சேர்த்துப் படிப்பு'. ஆனால் உதவிப் பேராசிரியர் பணிக்கு முதுகலையில் 55 சதவீதம், அதுவும் உரிய பாடத்திலோ அதற்கு நெருங்கிய பாடத்திலோ என்று விதி. நெருங்கிய பாடம் எது என்பதில்தான் நேர்காணலில் தகராறு வரும். எந்தத் துறையில் பாடம் நடத்த ஆசையோ அந்தப் பெயரிலேயே எம்.ஏ. இருக்கட்டும்.

நெட்டில் அரசியல் அறிவியலின் எண் 02, சமூகவியல் 05. எம்.ஏ. பாடத்தில்தான் எழுதுவது. முதல் தாள் எல்லோருக்கும் பொது, 50 கேள்வி. இரண்டாம் தாள் பாடம், 100 கேள்வி. தவறுக்கு மதிப்பெண் கழியாது என்பதால் ஒன்றையும் விடாமல் எழுத வேண்டும்.

யுபிஎஸ்சி மெயினில் விருப்பப்பாடம் ஒன்றுதான், இரண்டு தாள், 500 மதிப்பெண். அரசியல் அறிவியலை எடுத்தால் பன்னாட்டு உறவும் சேர்ந்தே வரும், ஆகவே பளு அதிகம். சமூகவியல் பாடத்திட்டம் அதைவிடச் சிறியது. இரண்டும் படித்தவருக்கு ஒரு வசதி உண்டு. சமூகவியல் முதல் தாளில் அரசியலும் சமூகமும் என்று ஒரு அலகு இருக்கிறது. அரசியல் அறிவியல் முதல் தாளில் சாதி, மதம், இனம் பற்றிய பகுதி இருக்கிறது. எதை எடுத்தாலும் மற்றது வீணாகாது. பொது அறிவுத் தாள்களிலும் முதல் தாளில் இந்தியச் சமூகம், இரண்டாம் தாளில் அரசமைப்பு. டிஎன்பிஎஸ்சி குரூப் 1இல் விருப்பப்பாடமே கிடையாது.

மடைவாய்:

படிவம் இருபது சொன்ன எகாலஜிக்கல் பிழையோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். அதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு. பதினைந்து பேரிடம் பேசிவிட்டு "தமிழ்நாட்டு வாக்காளர்" என்று முடிவுரையில் எழுதுவது. அந்த ஊர், அந்த ஆண்டு, அந்தப் பதினைந்து பேர் என்று எல்லை போட்டு எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது.

அரசியல் அறிஞர் ரஜ்னி கோத்தாரி 1970இல் இந்தியச் சாதியும் அரசியலும் பற்றிய தொகுப்பில் வைத்த வாதத்தையும் முன்னதாகப் படிக்கச் சொல்லுங்கள். சாதி அரசியலுக்குள் நுழைந்து கெடுத்துவிட்டது என்று புலம்புவதைவிட, அரசியல் சாதியை எப்படித் தன் தேவைக்குத் திரட்டி உருமாற்றுகிறது என்று பார்க்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. அதைப் படித்துவிட்டுக் களத்துக்குப் போனால் கேட்கிற கேள்வியே வேறாக இருக்கும். எந்தச் சாதி என்று கேட்பது குறையும். சாதிச் சங்கம் எப்போது பதிவானது, கட்சிக் கிளை எப்போது வந்தது, எது முந்தியது என்று கேட்கத் தோன்றும். அந்த இரண்டு தேதிகளையும் ஊரில் இருக்கிற பழைய நோட்டீசிலும் கொடிமரக் கல்வெட்டிலும் சரிபார்க்கலாம், கல்லில் திறந்து வைத்தவர் பெயரும் நாளும் பெரும்பாலும் இருக்கும்.

முதல்தாள்:

வைகைக்கரைக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரிகளின் பாடத்திட்டத்தை இறக்கும்போது எந்த ஆண்டில் சேர்பவருக்கானது என்று முதல் பக்கத்தில் பாருங்கள். பழைய பேட்ச் பாடத்திட்டமும் அதே பக்கத்தில் கிடக்கும், அலைடு அதில் வேறாக இருக்கும். பார்த்த மூன்று நான்கு கல்லூரிகளின் அலைடு பட்டியலை இங்கே போடுங்கள். எதில் சமூகவியல் உண்மையாகவே நடத்துவார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்வார்கள்.